‘உனக்கென்ன தெரியும்?’ என்றார் கணவர்... பதில் சொன்னது பால் கணக்கு நோட்டு!



இந்தப் பகுதியில் மாமியார் - மருமகள் பிரச்னை, சீட்டுப் பணம் ஏமாந்தது, பிள்ளை படிக்க மறுப்பது என்று எத்தனையோ அனுபவங்களை எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதப் போவது இன்டர்நெட் மோடம் பற்றி! “இது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே” என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். அந்த மோடத்தால் என் பெண்ணின் படிப்பே நின்று போக இருந்தது.

எங்களுக்கு வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிராமம். பஸ் ரோட்டிலிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் வர வேண்டும். கணவருக்குத் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். நாத்தனாரைப் பாகூரில் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு ஒரே பெண். 2020-ல் அவள் சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. கொரோனாவால் கல்லூரியைப் பூட்டி விட்டார்கள். காலையில் வகுப்பு, மாலை ஆறரைக்குக் கணக்குக்கு ஸ்பெஷல் கிளாஸ், பரீட்சை எல்லாமே வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில்தான்.

செல்போனில் பார்க்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்றால்தான் இரண்டு கோடு தெரியும். அதனால் பழைய டெலிபோன் லைனிலேயே வரும் டி.எஸ்.எல். இன்டர்நெட்தான் எங்களுக்குக் கதி.

அந்த வருஷம் நவம்பர் 25-ந் தேதி ராத்திரி நிவர் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே கரையைக் கடந்தது. மரம் சாய்ந்தது, கம்பம் சாய்ந்தது. கரண்ட் வந்தும் போன் வர ஒரு வாரம் ஆயிற்று. வந்த போனில் பேச முடிந்தது. ஆனால் இன்டர்நெட் மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது.

புகார் கொடுத்தோம். “மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார்கள். பண்ணினோம். மறுபடி புகார். “ஆளு வருவாங்க” என்றார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். புயலில் எத்தனை ஊருக்கு லைன் போயிருக்கும்! நாலு பேர் எத்தனை கம்பம்தான் ஏறுவார்கள்?

டிசம்பர் நடுவில் ஒரு மாதிரித் தேர்வு. பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து, சரியாக அரை மணி நேரத்துக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். பெண் எழுதி முடித்து விட்டாள். அனுப்பும்போது மோடத்தில் விளக்கு அணைந்து விட்டது. செல்போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். மழை கொட்டுகிறது. நான் பின்னாலேயே ஓடிக் குடை பிடித்தேன். நாலாவது பக்கம் போவதற்குள் நேரம் முடிந்தது. மறுநாள் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று போட்டிருந்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியவளுக்கு ஆப்சென்ட்!

அன்று இரவு கணவர் சொன்னார். “பிப்ரவரியில செமஸ்டர். இதே மாதிரி நாலு பேப்பர் போச்சுன்னா அவ்வளவுதான். பேசாம ஒரு வருஷம் நிறுத்திக்கலாம். அக்கா பாகூர்ல ஒரு வரன் சொன்னாளே, அதையாவது பேசி முடிப்போம்.”

பெண் தட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“நான் அந்த மோடத்தைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?” என்றேன்.

“உனக்கென்ன தெரியும்? கைய வச்சு இருக்கறதையும் கெடுத்துடாதே” என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு கதவு கோயில்

அவருக்கு மறந்து விட்டது. எனக்கு மறக்கவில்லை. என் அம்மா வீடு எம்பலம். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கிருந்து எம்பலம், கீழூர், வீராம்பட்டினம் என்று பல ஊர்களுக்குச் செய்தி போகும். அப்போது கிராமத்து டெலிபோன் லைனை நம்ப முடியாது என்பதால் போலீசார் வைத்திருப்பது போல வயர்லெஸ் வைத்தார்கள். கரண்ட் நிற்கும் என்பதால் சூரிய ஒளித் தகடு வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்று அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் பார்த்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வார்கள். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த போன் செய்தியைத் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து ஜனங்களை வெளியேற்றியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

எம்பலத்தில் மையம் இருந்தது பழைய கோயில் கட்டடத்தில். அதற்கு இரண்டு வாசல். ஒரு வாசல் சாமிக்கு. அதில் சில ஜாதிக்காரர்கள் நுழையக் கூடாது. வீட்டுக்கு விலக்கான பெண்களும் நுழையக் கூடாது. இன்னொரு வாசல் கம்ப்யூட்டர் அறைக்கு. அதில் யார் வேண்டுமானாலும், எந்த நாளிலும் நுழையலாம். நடத்தியவர்கள் எல்லோரும் எங்களைப் போன்ற பெண்கள்தான். பதினெட்டு வயதில் நானும் அங்கே போய் உட்கார்ந்து தமிழ் டைப் அடிக்கப் பழகினேன். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். எனக்கும் அந்த வேலை கொடுத்தார்கள். ஏழெட்டு மாதம் போனேன். 2000-ல் கல்யாணம். அதற்குப் பிறகு கீபோர்டைத் தொட்டதில்லை. எந்தப் படிப்பு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நோட்டில் ஏறிய கணக்கு

மறுநாள் பால் கணக்கு நோட்டை எடுத்தேன். பின் பக்கத்தில் கோடு போட்டேன். நெட் எத்தனை மணிக்குப் போயிற்று, எப்போது வந்தது, அப்போது மழையா, போன் மணி அடித்ததா, வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஐந்து கட்டம். மோடத்தில் ‘பவர்’, ‘டி.எஸ்.எல்.’, ‘இன்டர்நெட்’ என்று விளக்குகள் இருக்கும். எது அணைந்தது என்றும் எழுதினேன்.

பெண்தான் எனக்கு விளக்கினாள். ‘டி.எஸ்.எல்.’ விளக்கு அசையாமல் எரிந்தால் வீட்டு மோடமும் டெலிபோன் நிலையத்துக் கருவியும் கை கோத்துக்கொண்டன என்று அர்த்தம். அது மினுக்மினுக் என்றால் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது, கோளாறு லைனில். அது நன்றாக எரிந்து, ‘இன்டர்நெட்’ விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் லைன் நன்றாக இருக்கிறது. பாஸ்வேர்டிலோ, கணக்கிலோ, அவர்கள் பக்கத்திலோதான் கோளாறு. எங்களுக்கு எப்போதும் டி.எஸ்.எல். விளக்குதான் முதலில் அணைந்தது.

பத்து நாளில் நோட்டு மூன்று விஷயம் சொன்னது. ஒன்று, போன் மணி அடிக்கும்போதெல்லாம் நெட் போகிறது. இரண்டு, மழை பெய்தால் போகிறது. வெயில் அடித்து இரண்டு மூன்று மணி நேரத்தில் சரியாகிறது. மூன்று, மழை இல்லாவிட்டாலும், போன் அடிக்காவிட்டாலும், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை போய்ப் போய் வருகிறது.

நாங்கள் அதுவரை ‘நெட் சரியில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்தால் அது ஒரு கோளாறு இல்லை, மூன்று!

முதல் கோளாறு: எறும்பும் களிம்பும்

டெலிபோன் லைனில் உள்ள இரண்டே செம்புக் கம்பியில்தான் பேச்சும் இன்டர்நெட்டும் சேர்ந்து வருகின்றன. பேச்சு வினாடிக்கு 4,000 அதிர்வுக்குள் அடங்கி விடும். இன்டர்நெட் 25,000-க்கு மேல் ஆரம்பித்துப் பத்து லட்சத்தையும் தாண்டிப் போகும். இரண்டையும் பிரிக்கத்தான் ‘ஸ்பிளிட்டர்’ என்ற சின்னப் பெட்டி. அதில் மூன்று ஓட்டை. லைன் வருவது ஒன்று, போனுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் எல்லாம் இந்த ஸ்பிளிட்டருக்குப் பிறகுதான் வர வேண்டும்.

எங்கள் வீட்டில் மாமியார் அறைக்கு ஒரு போன் உண்டு. வயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். யாரோ எலக்ட்ரீசியன் வசதிக்காக ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே அதைப் பிரித்து இழுத்திருந்தார். அந்த போன் மணி அடிக்கும் போதெல்லாம் இன்டர்நெட்டின் காலை வாரி விட்டிருக்கிறது.

லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். லைன்மேன்கள் ‘ரோசட்’ என்பார்கள். மூடியைத் திறந்தேன். உள்ளே எறும்புப் புற்றே இருந்தது! ஒரு பல்லி முட்டை வேறு. கம்பி முனை இரண்டும் விளக்காத பித்தளைச் செம்பு மாதிரி பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தன.

பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, கம்பியை விரலால் பிடித்துக் கத்தியால் சுரண்டினேன். சுள்ளென்று ஒரு ஷாக்! கையை உதறினேன். உள்ளே மாமியார் அறையில் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. பாகூரிலிருந்து நாத்தனார்!

தோழியரே, இதை நினைவில் வையுங்கள். டெலிபோன் கம்பியில் எப்போதும் சுமார் 48 வோல்ட் இருக்கும். அது பெரிதாகத் தெரியாது. மணி அடிக்கும்போது 75, 90 வோல்ட் வரை போகும். அதனால் வெளியிலிருந்து வரும் லைனை வெறும் கையால் தொடாதீர்கள். மழை, இடி நேரத்தில் அந்தப் பக்கமே போகக் கூடாது. கம்பியைச் சுரண்டுவது லைன்மேன் வேலை. தெரியாமல் செய்தேன், பெரிதாக ஒன்றும் ஆகாமல் பிழைத்தேன்.

மாமியார் அறை வயரைக் கழற்றி, ஸ்பிளிட்டரின் போன் பக்கத்தில் சேர்த்தேன். அன்றிலிருந்து போன் அடித்தால் நெட் போவது நின்றது.

இரண்டாவது கோளாறு: கம்பத்தில்

மழைக் கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா? அதையும் சோதித்தேன். மழை பெய்யும் ஒரு நாள் (இடி இல்லாதபோது) ஸ்பிளிட்டர், போன் எல்லாவற்றையும் கழற்றி விட்டு, மோடத்தை மட்டும் சின்ன வயரால் ரோசட்டில் நேராகப் பொருத்தினேன். அப்போதும் விளக்கு மினுக்மினுக். மோடத்தைக் கழற்றி, வெறும் போனை மட்டும் போட்டுக் காதில் வைத்தேன். டயல் டோனுக்கு நடுவே எண்ணெயில் கடுகு பொரிவது போலக் கொரகொரச் சத்தம். ஆக, வீட்டுக்குள் குற்றமில்லை. வெளியில் எங்கோ ஒரு இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது.

மறுபடி புகார் கொடுத்தேன். இந்த முறை ‘நெட் வரலை’ என்று சொல்லவில்லை. “மழை பெய்தால் டயல் டோனில் இரைச்சல் வருது. நேராப் பொருத்திப் பார்த்தாச்சு. வெயில் வந்தா சரியாகுது. வெளியே ஜாயின்ட்லதான் கோளாறு” என்று சொல்லிப் புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் லைன்மேன் வந்து விட்டார். நோட்டைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

“அக்கா, இப்படி எல்லா வீட்லயும் எழுதி வச்சா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்” என்றவர் வீட்டுக்குள் வரவே இல்லை. நேராகக் கம்பத்தில் ஏறினார். புயலில் அறுந்ததை அவசரத்துக்கு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்களாம். டேப் பிரிந்து தொங்கியது. புதிதாக இணைத்து, மழை படாமல் மூடிவிட்டு இறங்கினார். ரோசட்டையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். மோர் கொடுத்தேன், குடித்து விட்டுப் போனார். இரைச்சல் போயே போய்விட்டது.

மூன்றாவது கோளாறு: சொல்ல முடியாதது

சாயங்காலக் கோளாறு மட்டும் போகவில்லை. பெண்ணின் கணக்கு வகுப்பு ஆறரைக்கு. பிப்ரவரிக்கு மூன்று வாரம்தான் பாக்கி.

நோட்டைப் புரட்டினேன். நடுவில் இரண்டு நாள் மட்டும் சாயங்காலம் நெட் போகவே இல்லை. என்ன விசேஷம் அந்த இரண்டு நாளில்? பெண் எட்டிப் பார்த்து விட்டுச் சிரித்தாள். “அம்மா, அந்த ரெண்டு நாளும் பாட்டி பாகூர்ல இருந்தாங்க!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘அத்தை வீட்டில் இல்லாவிட்டால் நெட் வருகிறது’ என்று எந்த மருமகள் வாயைத் திறந்து சொல்ல முடியும்? நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து விட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். அத்தை ஆறு மணிக்கு என்ன செய்கிறார்? முகம் கழுவி, விபூதி இட்டு, சாமி அறையில் விளக்கேற்றுகிறார். ஒன்பது மணிக்குப் படுக்கும் முன் அணைக்கிறார். விளக்கென்றால் எண்ணெய் விளக்கோடு, சாமி படத்தைச் சுற்றி ஒரு சீரியல் லைட்டும்! தீபாவளிக்கு நாத்தனார் வாங்கித் தந்தது. 29-ந் தேதி கார்த்திகை தீபத்தன்று மாட்டினார். புயலில் போன போன் லைன் திரும்பி வந்தபோது அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அதனால்தான் எல்லாப் பழியையும் புயல் மேலேயே போட்டு விட்டோம்.

மலிவான சில எலக்ட்ரானிக் சாமான்களின் அடாப்டர்கள் கண்ணுக்குத் தெரியாத இரைச்சலைக் கிளப்பும் என்று பெண் படித்துச் சொன்னாள். டி.எஸ்.எல். பயன்படுத்தும் அதிர்வெண்ணில் ஒரு பகுதியும், ரேடியோ ‘மீடியம் வேவ்’ அலைவரிசையும் ஒன்றாம். அப்படியானால் ரேடியோவிலும் அந்த இரைச்சல் கேட்க வேண்டுமே!

மாமனாரின் பழைய டிரான்சிஸ்டர் அத்தையின் பெட்டியில் இருக்கிறது. அவர் இருந்தவரை விவசாய நிகழ்ச்சி கேட்பார். அவர் போன பிறகு அத்தை அதை யாரிடமும் கொடுத்ததில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“எதுக்கு?”

சொன்னேன். அத்தையின் முகம் மாறி விட்டது. “சாமி விளக்கையா குத்தம் சொல்றே? என் பொண்ணு வாங்கிக் குடுத்ததுன்னுதானே?”

கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் நான் வாதாடவில்லை. “நான் குத்தம் சொல்லலே அத்தே. நீங்களே கேட்டுப் பாருங்க. இல்லேன்னா நான் சொன்னது தப்பு, இனி பேச மாட்டேன்” என்றேன்.

என்ன நினைத்தாரோ, பெட்டியைத் திறந்து டிரான்சிஸ்டரை எடுத்தார். புது பேட்டரி போட்டோம். மீடியம் வேவில் எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினோம். லேசாக உஸ்ஸென்றது. அத்தை கையிலேயே கொடுத்தேன். கூடத்திலிருந்து சாமி அறைக்கு நடந்தார். நடக்க நடக்க உஸ் என்றது கரகரவென்று ஆயிற்று. சீரியல் லைட்டின் அடாப்டருக்குப் பக்கத்தில் போனதும் அரவை மில் மாதிரி இரைந்தது. அதே பலகையில்தான் கீழே மோடம் வயரும் ஓடுகிறது. நான் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. போட்டேன். இரைந்தது.

அத்தை தன் கையாலேயே மூன்று முறை போட்டு, அணைத்து, போட்டு, அணைத்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் அடாப்டரைப் பிடுங்கிச் சீரியல் லைட்டைச் சுருட்டினார். பக்கத்தில் ஒரு அகல் விளக்கை அதிகமாக வைத்து ஏற்றினார்.

“சாமிக்கு எண்ணெய் விளக்கு போதும். புள்ளை படிக்கட்டும்” என்றார். அப்புறம் டிரான்சிஸ்டரை என் கையில் கொடுத்து, “இதுல அவரு பாட்டு கேட்டாரு, நீ திருடனைக் கண்டுபிடிச்சிட்டே” என்றார்.

அன்று மாலை ஆறரை வகுப்பு முழுவதும் ஒரு தடவை கூட அறுபடவில்லை. கணவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது அத்தைதான் அவரிடம் சொன்னார், “உன் பொண்டாட்டிக்கு என்ன தெரியும்னு கேட்டியே, வந்து பாரு!” இவர் அந்த நோட்டை இரவு வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்தார். வரன் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

நம் வீட்டில் மட்டும்தான் இந்தக் கூத்து என்று நினைத்தேன். 2020 செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் இதே கதை வெளியானதாம். பதினெட்டு மாதமாக ஊருக்கே தினமும் காலை ஏழு மணிக்கு இன்டர்நெட் போய்விடும். கேபிளைக் கூட மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் இன்ஜினீயர்கள் இரைச்சல் காட்டும் கருவியுடன் தெருத் தெருவாக நடந்து கண்டுபிடித்தால், ஒரு வீட்டில் தினமும் ஏழு மணிக்குப் போடும் பழைய டி.வி.தான் காரணம்! அந்த வீட்டுக்காரர் வெட்கப்பட்டு, இனி போடவே மாட்டேன் என்று ஒத்துக்கொண்டாராம். அத்தையிடம் சொன்னேன். “பாரு, வெள்ளைக்காரனுக்கே ஒன்றரை வருஷம் ஆச்சு” என்று சிரித்தார்.

பிப்ரவரியில் பெண் நாலு பேப்பரும் எழுதி, நாலையும் நேரத்துக்குள் அனுப்பினாள். எல்லாவற்றிலும் பாஸ். 2022-ல் பட்டம் வாங்கி இப்போது வேலைக்குப் போகிறாள். வரன் பார்ப்பதென்றால் இப்போது அவளைக் கேட்டுத்தான் பார்க்கிறோம்.

தோழியருக்குச் சில குறிப்புகள்

* நெட் போனால் முதலில் டெலிபோனைக் காதில் வையுங்கள். டயல் டோனே இல்லையா? நீங்கள் எதையும் நோண்ட வேண்டாம், லைன் கோளாறு. டோன் இருந்து இரைச்சல் கேட்டால் இணைப்பில் ஈரமோ களிம்போ இருக்கிறது.

* எல்லாவற்றையும் கழற்றி விட்டு, மோடத்தை மட்டும் லைன் நுழையும் இடத்தில் சின்ன வயரால் நேராகப் பொருத்துங்கள. விளக்கு நின்று எரிந்தால் கோளாறு வீட்டுக்குள். எரியாவிட்டால் பெரும்பாலும் வெளியில், இல்லாவிட்டால் மோடத்திலேயே. இந்த ஒரு சோதனையே பாதி சண்டையைத் தீர்த்து விடும்.

* பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஸ்பிளிட்டர், போன், இரண்டாவது போன். எதைச் சேர்த்ததும் நெட் போகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

* மோடம் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். அதிகமாகச் சுட்டால் அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள்.

* மோடத்தைப் பிரிட்ஜ், ஸ்டெபிலைசர், மோட்டார் சுவிட்ச் பக்கத்தில் வைக்காதீர்கள். போன் வயரையும் கரண்ட் வயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

* இடி இடித்தால் கரண்ட் பிளக்கை மட்டும் அல்ல, டெலிபோன் வயரையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். ஆனால் இடிக்கத் தொடங்கும் முன்பே கழற்ற வேண்டும்.

* டெலிபோன் நிலையத்திலிருந்து வீடு தூரமாக இருந்தால் டி.எஸ்.எல். வேகம் குறைந்துதான் வரும். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு டவுன் வேகத்தை எதிர்பார்த்து மோடத்தை மாற்றிப் பயனில்லை.

* புகார் கொடுக்கும்போது தேதி, நேரம், எந்த விளக்கு அணைந்தது என்று சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள்.

எங்கள் வீட்டுக்கும் பிறகு கண்ணாடி இழை லைன் வந்து விட்டது. அதில் களிம்பும் இல்லை, சீரியல் லைட் தொல்லையும் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விளக்குக் கணக்கு உண்டு. ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். வயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வயரைச் சுருட்டி ஆணியில் மடக்கி மாட்டாதீர்கள். கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவும் கூடாது.

இப்போது தெருவில் யார் வீட்டில் நெட் போனாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போகும்போது டிரான்சிஸ்டரும் கூட வரும். அத்தைதான் எடுத்துக் கொடுப்பார். போன வாரம் ஒரு வீட்டில் மருமகள், “அக்கா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது” என்றாள். “எனக்கும்தான் தெரியாது. முதல்ல ஒரு நோட்டு எடு” என்றேன்.

- ஒரு வாசகி, வில்லியனூர் கொம்யூன், புதுச்சேரி.